வெள்ளோட்டம்: மிதிவண்டியில் விசை ஏறும் கதை

புதிதாகத் தேர் செய்து முடித்த ஸ்தபதிகள் அதை உடனே சுவாமிக்கு ஒப்படைத்துவிடுவதில்லை. சக்கரம் புதிது, அச்சு புதிது, வடமும் புதிது. எந்த மூலையில் எந்த ஆணி தளரும், எந்தத் திருப்பத்தில் எந்தச் சட்டம் முனகும் என்பது ஓடிப் பார்த்தாலன்றித் தெரியாதாகையால், சுவாமி எழுந்தருளாத வெறுந்தேரை நான்கு வீதியும் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குத்தான் நம் முன்னோர் வெள்ளோட்டம் என்று பெயரிட்டார்கள். அன்று வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆயினும் தேரின் கதி முழுவதும் சக்கரத்தை ஒட்டி நடந்து, தக்க சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிற இரண்டு மூன்று பேருடைய கையில்தான் இருக்கிறது. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, இழுக்கும் சக்தியைக் காட்டிலும் நிறுத்தும் சாமர்த்தியம் எவ்வளவு அரியது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை தேரைப் பற்றியதன்று. அதனினும் மிக எளிய ஒரு வாகனத்தைப் பற்றியது. பழைய சைக்கிள் ஒன்றில் சிறு எஞ்சினையோ மின்மோட்டாரையோ தம் கையாலேயே பொருத்தி ஓட்டிப் பார்க்கும் ஆசை, இயந்திரத்தில் சிரத்தையுள்ள எந்த இளைஞனையும் ஒருமுறையாவது பற்றிக்கொள்கிறது. மருந்தடிக்கும் விசைத் தெளிப்பானின் எஞ்சின், ஓடி ஓய்ந்த மொபெட்டின் எஞ்சின், பட்டறை மூலையில் கிடக்கும் மோட்டார் ஆகிய எதைக் கண்டாலும், இதைச் சைக்கிளில் ஏற்றினால் என்ன என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். மதிக்கிற காரணத்தாலேயே, அது எந்த வழியில் சென்றால் பிரயோஜனப்படும், எந்த இடத்தில் தவறினால் அபாயமாகும் என்பதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். சொல்வதற்குப் புதுக்கோட்டையைக் காட்டிலும் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

சைக்கிளேறிய ஜில்லா

1948ஆம் ஆண்டு மார்ச் வரையில் தனிச் சமஸ்தானமாக இருந்து, பின் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, 1974ஆம் ஆண்டு ஜனவரியில் தனி மாவட்டமான புதுக்கோட்டை, வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் சரளையும் கண்மாயும் கரட்டுப் பாறையுமாக விரிந்த நிலப்பரப்பில் கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. தண்ணீருக்கும் நடை, சந்தைக்கும் நடை, கல் குவாரி வேலைக்கும் நடை என்றிருந்த காலத்தில், அந்த நடையின் பெரும்பங்கு பெண்களுடைய காலுக்கே விதிக்கப்பட்டிருந்தது.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவித்தல் அதன் பிரதான நோக்கம். ஆனால் அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், ஒரு பெண் எழுத்தைக் கற்றாலும் தன் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குத் தானாகப் போய்வர இயலாதவளாக இருந்தால் அந்தக் கல்வி பாதியிலேயே நின்றுவிடும் என்பதை உணர்ந்து, சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தின் ஓர் அங்கமாகச் சேர்த்தார். பிறகு நடந்தது ஒரு சரித்திரம். பொட்டல்களிலும் பள்ளி மைதானங்களிலும் பயிற்சி முகாம்கள் கூடின. புதிதாக எழுத்தறிந்த பெண்களும், வயல் வேலையும் குவாரி வேலையும் செய்யும் பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும், ஆசிரியைகளும் விழுந்தும் எழுந்தும் கற்றார்கள். சைக்கிள் கற்கத் தங்கையை அழைக்கும் பாட்டொன்றும் அந்த முகாம்களில் பிறந்து ஜில்லாவெங்கும் பரவிற்று. இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்றும், அவர்களில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பொது நிகழ்ச்சிகளில் தங்கள் திறமையைக் காட்டினார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், கிராமப் பெண்களில் நாலில் ஒருவர் என்று அந்தக் கணக்கு வரும்.

அந்தப் பதிவில் என் மனத்தை விட்டு அகலாத சிறு செய்தி ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பெண்கள் காத்திருக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். வாங்கிப் பழகிய பிறகு, அதுவே தங்களுக்கு அதிக வசதி என்றும் சிலர் கண்டுகொண்டார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்த பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமல்லவா? வண்டி யாருக்கென்று செய்யப்பட்டது என்பது ஒரு விஷயம். ஓட்டுகிறவர் அதில் என்ன பிரயோஜனத்தைக் காண்கிறார் என்பது வேறு விஷயம். இரண்டாவதுதான் வண்டியின் உண்மையான தகுதியை நிர்ணயிக்கிறது.

பின்னர் யுனிசெப் ஸ்தாபனம் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கென 50 மொபெட்டுகளை அளித்தது. மிதியிலிருந்து விசைக்குச் செல்லும் படியில் புதுக்கோட்டைப் பெண்கள் கால்வைத்தது இப்படித்தான்.

மற்றவர்கள் செய்து பார்த்தது

மிதிவண்டியில் விசை ஏற்றும் முயற்சி ஏறக்குறைய நூற்றைம்பது வருஷப் பழமையுடையது. 1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஷ்டாட் என்னுமிடத்தில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும், தாங்கள் புதிதாகச் செய்த பெட்ரோல் எஞ்சினைப் பரீட்சிக்கும் பொருட்டு, மரச் சட்டமும் மரச் சக்கரமும் கொண்ட இருசக்கர வண்டியொன்றில் அதைப் பொருத்தினார்கள். அதன் சக்தி அரைக் குதிரைத்திறன். சாய்ந்துவிடாமலிருக்க இருபக்கமும் சிறு சக்கரங்கள். அவ்வாண்டு நவம்பரில் டைம்லரின் மகன் அதில் ஏறி அடுத்த ஊர் வரையில் ஓட்டினான். அவர்களுக்கு வண்டி முக்கியமன்று, எஞ்சினே முக்கியம். ஆகையால் பரீட்சை முடிந்ததும் வண்டியை விட்டுவிட்டு எஞ்சினோடு மேலே சென்றார்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஹார்லியும் டேவிட்சன் சகோதரர்களும் முதலில் செய்ததும் சைக்கிள் சட்டத்தில் வைத்த சிறு எஞ்சின்தான். அந்த வண்டி அவ்வூரின் ஏற்றங்களில் மிதி உதவியின்றி ஏற மாட்டாமல் நின்றது. அவர்கள் மனம் தளரவில்லை. எஞ்சினைப் பெரிதாக்கியதோடு நில்லாமல், சைக்கிள் சட்டம் அதைத் தாங்காது என்று உணர்ந்து சட்டத்தையும் புதிதாகவே வகுத்தார்கள். முதல் வண்டி தோற்ற இடத்தில்தான் அவர்களுடைய தொழில் பிறந்தது.

ஆனால் வீட்டில் செய்த விசைச் சைக்கிளின் சரித்திரத்தில், நம் புதுக்கோட்டைக் கதைக்கு மிக நெருங்கிய உறவுடையது ஜப்பானில் நடந்த ஒன்று. யுத்தத்தில் தோற்றுச் சிதைந்துகிடந்த அந்நாட்டில், ஹமமட்சு நகரத்தில், சோயிசிரோ ஹோண்டா என்பவர் 1946ஆம் ஆண்டு அக்டோபரில் சிறு பட்டறை ஒன்றை ஏற்படுத்தினார். ராணுவத்தார் தங்கள் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்க வைத்திருந்த சிறு எஞ்சின்களில் சுமார் ஐந்நூறு அவருக்குக் கிடைத்தன. அவற்றைச் சைக்கிளில் பொருத்தி விற்பது அவர் உத்தேசம். வெந்நீர் நிரப்பிப் படுக்கையைச் சூடாக்கும் தகரக் குடுவையையே ஆரம்பத்தில் பெட்ரோல் டாங்காக வைத்தார். முன் சக்கரத்தின் டயரை உருளையால் உரசி ஓட்டும் ஏற்பாட்டை முதலில் செய்து பார்த்தார். அது சரிப்படாமல் போகவே, எஞ்சினை நடுவில் வைத்துப் பின் சக்கரத்தைப் பெல்ட்டால் ஓட்டும் முறைக்கு மாறினார்.

அந்த வண்டிக்கு வெள்ளோட்டம் விட்டவர் யார்? அவருடைய மனைவி சாச்சி. உணவுப் பொருள் தேடி மைல்கணக்கில் சைக்கிள் மிதித்துச் செல்லும் மனைவியின் சிரமத்தைக் காணப் பொறாமல் அதைச் செய்ததாக ஹோண்டா பிற்காலத்தில் சொல்வதுண்டு. அந்த அம்மையாரோ, அது ஓரளவே உண்மையென்றும், ஒரு பெண்ணால் அந்த வண்டியைச் சமாளிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளவே தம்மை ஓட்டச் சொன்னார் என்றும் உள்ளபடி கூறியிருக்கிறார். ஜனநெருக்கமுள்ள கடைவீதிகளில் ஓட்ட வேண்டியிருந்தமையால் தம்மிடமிருந்ததில் நல்ல கால்சட்டையை உடுத்திக்கொண்டு புறப்பட்டார். வீடு திரும்பும்போது அது எண்ணெயில் தோய்ந்திருந்தது. இப்படிச் செய்தால் வாங்கியவர்கள் திரும்பி வந்து உங்களை ஏசுவார்கள் என்று அவர் சொன்னதும், எந்தக் குற்றத்தையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத அந்த மனிதர் அன்று மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கார்புரேட்டரிலிருந்து கலவை பின்னோக்கித் தெறிப்பதே காரணமென்று கண்டு, அதைத் திருத்தினார். ராணுவ எஞ்சின்கள் தீர்ந்த பின், 1947இல் தாமே வடிவமைத்த 50 சி.சி. எஞ்சினைச் செய்தார். உலகத்திலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் ஸ்தாபனம் அங்கிருந்து வளர்ந்தது. அதன் ஆதிநாட்களில், செய்தவர் காணாத குறையைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் பரீட்சாதிகாரி, சைக்கிளில் உணவு தேடிப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பப் பெண் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1893இல் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதை அடைந்தே தீர்வதென்று ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், அதை முழுவதும் கழற்றித் திரும்பப் பூட்டியது. பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கே இயந்திரம் வசப்படும் என்ற ஞானம் அவருக்கு அப்போதே வாய்த்தது. 1920இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பின்னர் மோட்டார் தொழிலிலும் மின்சாரத் தொழிலிலும் அடைந்த கீர்த்தியைத் தமிழ்நாடு அறியும்.

1980இல் ஒசூரில் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் பிறந்தது. மிதியும் எஞ்சினும் ஒன்றாயிருந்த அந்த வண்டியில் இருவர் உட்காரலாம். அதற்கு முன் இந்நாட்டு மொபெட்டுகளில் அந்த வசதி இருந்ததில்லை. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள்தான் இன்று புதுக்கோட்டைச் சாலைகளின் சுமைதாங்கிகள். கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போகும் பூ மூட்டையும், ஆலங்குடிப் பக்கத்துப் பலாப்பழமும், புல்லுக்கட்டும் பால்கேனும் அவற்றின் மேல்தான் பிரயாணம் செய்கின்றன. சென்னைக் காசிமேட்டில், முன்புறம் சரக்கு மேடை வைத்த மூன்று சக்கரச் சைக்கிளில் பழைய எஞ்சினைப் பூட்டி மீன்பாடி வண்டியென்று ஓட்டினார்களே, அதுவும் பட்டறையில் பிறந்த விசைச் சைக்கிள்தான். ஏழைத் தொழிலாளிக்கு அது சோறு போட்டது. ஆயினும் மிதிக்கென்று செய்த பிரேக்கை எஞ்சினுக்கும் போதுமென்று விட்டதால் அது அபாய வண்டியென்ற பெயரையும் எடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பட்டறையில்

விசைச் சைக்கிள் செய்யப் புகுகிறவன் முதலில் எஞ்சினைத் தேடி ஓடுகிறான். அது முறையன்று. முதலில் பார்க்க வேண்டியது சைக்கிள்.

மனிதன் களைப்பில்லாமல் நெடுநேரம் மிதித்தால் அவன் காலிலிருந்து வரும் சக்தி சுமார் 75 முதல் 100 வாட் வரையில்தான். ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடையுள்ளதைச் சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த ஏறக்குறைய 100 வாட் போதும். அதே வண்டியை 40 கிலோமீட்டரில் செலுத்தினால் இருமடங்கு போதாது. ஐந்தாறு மடங்கு சக்தி வேண்டும். வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பு மிகுந்துகொண்டே போவதுதான் காரணம். அதைவிடக் கவனிக்க வேண்டியது நிறுத்தும் கணக்கு. 15 கிலோமீட்டர் வேகம் 30 ஆனால், ஓடும் வண்டியில் தங்கியிருக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. நின்றுபோக வேண்டிய தூரமும் அப்படியே நான்கு மடங்காகிறது. மிதிவண்டியின் பிரேக் எந்த வேகத்துக்கு உத்தேசித்துச் செய்யப்பட்டதென்று ஒருகணம் யோசித்தால், எஞ்சினுக்கு முன் கை எங்கே போக வேண்டுமென்பது தானே விளங்கும்.

நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் இருக்கும் கம்பி பிரேக், ரிம்மின் உட்புறத்தில் கட்டையை அழுத்தி நிறுத்துவது. நிதான ஓட்டத்துக்கு அது நன்று. மழையில் இரும்பு ரிம் நனைந்துவிட்டாலோ கட்டை வழுக்கும். ஆகையால் முன்னும் பின்னும் உறுதியான கேபிள் பிரேக்கோ, முடிந்தால் மொபெட்டில் உள்ளதுபோன்ற டிரம் பிரேக்கோ பொருத்துவது முதல் வேலை. அடுத்தது சக்கரம்: போக்ஸ் கம்பிகளின் இழுப்பைச் சமன்செய்து கோட்டம் எடுக்க வேண்டும், பழைய கம்பிகளை மாற்ற வேண்டும். பின்னர் முன் ஃபோர்க்: கழுத்துக்கு அருகில் வெடிப்பு இருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஃபோர்க் முறிந்தால் மன்னிப்பே கிடையாது.

இதெல்லாம் முடிந்த பிறகே எஞ்சின். அதன் வேகத்தையும் சக்கரத்தின் வேகத்தையும் பொருத்துவதுதான் இந்த வித்தையின் உயிர். 28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 2.2 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 500 மீட்டர்; அதாவது சக்கரம் சுமார் 227 சுற்று சுற்ற வேண்டும். சிறு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோ நிமிஷத்துக்கு 4,500 சுற்றில்தான் ஒழுங்காக உழைக்கும். ஆகவே எஞ்சின் இருபது சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி குறைக்க வேண்டும். ஒரே படியில் இதைச் செய்வது அசாத்தியம். முதற்படியில் நான்கு மடங்கு குறைத்து, இரண்டாம் படியில் 10 பல் சக்கரத்திலிருந்து 50 பல் சக்கரத்துக்குச் செயின் போட்டு ஐந்து மடங்கு குறைத்தால் கணக்கு நேராகும். இந்தக் கணக்கைப் போடாமல் கையில் கிடைத்த பல்சக்கரங்களை மாட்டியவர்களின் வண்டிதான் ஒன்று கிளம்பாமல் திணறுகிறது, அல்லது கிளம்பிய மறுகணம் தாவுகிறது.

எஞ்சினின் செயின் ஒருபக்கமும், மிதியின் செயின் மறுபக்கமும் இருக்கட்டும். இரண்டும் தனித்தனி பிரீவீலில் ஓடினால், எஞ்சின் நின்றாலும் மிதித்து வீடு சேரலாம். எஞ்சின் ஓடும்போது மிதி காலைச் சுழற்றி அடிக்காது. மொபெட்டில் உள்ளதுபோல் வேகம் ஏறியதும் தானே பிடித்து, இறங்கியதும் தானே விடும் கிளட்ச் கிடைத்தால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மிக நன்று. ஆக்ஸிலேட்டர் கம்பி சிக்கிக்கொண்டாலும் எஞ்சினை உடனே அணைக்கும் சுவிட்ச் ஒன்று, கட்டைவிரல் எட்டும் இடத்தில் அவசியம் இருக்க வேண்டும்.

எஞ்சினைப் பொருத்தும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 4,500 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 75 முறை சட்டத்தை உலுக்குகிறது. சைக்கிள் குழாய் மெல்லியது. அதில் துளையிட்டாலோ கண்டபடி வெல்டிங் வைத்தாலோ அந்த இடத்திலேயே ஒருநாள் பிளக்கும். ஆகவே குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்புகளைச் செய்து, நடுவே டயர் ரப்பர்ப் பட்டை வைத்து இறுக்குவதே உத்தமம். போல்ட்டுகளுக்கு இரட்டை நட்டு போடுக. இறுக்கியபின் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்டுக் கோடு இழுத்துவிட்டால், அந்தக் கோடு விலகும்போதே நட்டு தளர்கிறதென்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு பைசாச் செலவில்லாத இந்த உபாயம் உயிர்காக்கும் உபாயம்.

வெள்ளோட்டம்

வண்டி தயாரானதும் ஏறிப் பறக்க வேண்டுமென்ற துடிப்பு இயற்கை. அதை அடக்குவதே முதல் பரீட்சை.

முதலில் எஞ்சினை ஓட்டாமலே, ஏறிய எடையோடு மிதித்துப் பார்க்க வேண்டும். குரங்குப் பெடல் போட்டுக் கற்ற நாளில் இருந்த கவனத்தோடு, வண்டியின் சமநிலை எங்கே மாறியிருக்கிறதென்று உடம்பு உணர வேண்டும். பிரேக்கை முன்னது, பின்னது, இரண்டும் சேர்த்து என்று தனித்தனியே பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, செயின் நேராக ஓடுகிறதா, பல் நழுவுகிறதா, அணைக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று காண வேண்டும். செயினருகே தாவணி முந்தானையோ வேட்டி நுனியோ கையோ போகாதபடி தகர மூடி அமைக்காமல் தரையில் இறக்கவே கூடாது.

மூன்றாவதுதான் ஓட்டம். பொட்டல் அல்லது காலியான மைதானம், விடியற்காலை, தலையில் ஹெல்மெட், அருகில் ஒரு துணை. முதல் நாள் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். நூறு மீட்டர் ஓட்டு, நிறுத்து, இறங்கு, பார். பெயிண்டுக் கோடுகள் அப்படியே இருக்கின்றனவா? செயின் தொய்ந்ததா? சக்கரக் குடம் தொட முடியாமல் சுடுகிறதா? பெட்ரோல் கசிகிறதா? குறையைத் திருத்திவிட்டு மறுபடி நூறு மீட்டர். இந்த ஓட்டத்தில் புது வண்டியின் ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். கண்டவற்றையெல்லாம் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறவன் மெக்கானிக் என்ற நிலையிலிருந்து பொறியாளன் என்ற நிலைக்கு உயர்கிறான்.

பின்பு சுமை. கேரியரில் 10 கிலோ, அடுத்த நாள் 20 கிலோ. பின்பு சரளைப் பாதை, பின்பு ஏற்றம், பின்பு இறக்கம். இறக்கமே கடினமான பரீட்சை. பிரேக்கின் உண்மைக் குணம் அங்கேதான் தெரியும். கடைசியாக, ரிம்மில் தண்ணீரை ஊற்றி நனைத்துவிட்டுப் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். நம் ஜில்லாவில் ஐப்பசி கார்த்திகையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

சட்டமும் மின்சாரமும்

இவ்வளவும் சொன்ன பின்னர் சட்டத்தைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சினின் அளவு 25 சி.சி.க்கு மேற்படாவிட்டால் அது மோட்டார் வாகனமாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்கு மேற்பட்டால் பதிவு, லைசென்ஸ், காப்பீடு எல்லாம் வேண்டும். விசைத் தெளிப்பான் எஞ்சின்களில் பல இந்த எல்லையைக் கடந்தவை. மொபெட் எஞ்சினும் அப்படியே. மின்சாரத்தில் ஓடுவதானால், மோட்டாரின் 30 நிமிஷச் சக்தி 250 வாட்டுக்குக் குறைந்தும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைந்தும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்து, பிரேக், பிரதிபலிப்பான் முதலிய நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் அதுவும் மோட்டார் வாகனமாகாது. பொதுச் சாலையில் இறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது விவேகம்.

இந்தக் காலத்தில் தொடங்குகிறவனுக்கு என் சிபாரிசு மின்மோட்டாரே. புதுக்கோட்டைச் சமதரைக்கு அது ஏற்றது. இருபதடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறக்குறைய 240 வாட் தேவைப்படும். 250 வாட்டுக்குச் சற்றே குறைந்த மோட்டாரும் சிறிது மிதியும் சேர்ந்தால் அது எளிதாகக் கைகூடும். 36 வோல்ட் 10 ஆம்பியர்மணி லித்தியம் பாட்டரியில் 360 வாட்மணிச் சக்தி இருக்கிறது. கூட மிதித்துச் சென்றால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்மணி போதும். ஆக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகலாம். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் போய்த் திரும்பும் தூரம் அது. ஆனால் மின்சாரத்துக்கும் அதன் முட்டுக்கட்டைகள் வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், பிரேக் பிடித்ததும் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச், அச்சு ஃபோர்க்கில் சுழன்று கழன்றுவிடாதபடி தாங்கும் இரும்புக் கரம், பாட்டரியின் தரத்துக்கேற்ற சார்ஜர் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் ஓட்ட வேண்டாம். அடிபட்ட லித்தியம் பாட்டரியை வீட்டுக்குள் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவது அடுப்பை எரியவிட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஓட்டுகிறவரே நடுவர்

2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள்களில் எத்தனையோ வீட்டுக் கொல்லையிலும் திண்ணையோரத்திலும் துருப்பிடித்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். 2018இல் வேலைக்குச் செல்லும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க மானியத் திட்டம் வந்தது. மிதியிலிருந்து விசைக்கு அரசாங்கமும் ஒரு படி ஏறிவிட்டது. இன்னும் ஏறாத படி ஒன்றுண்டு: ஓட்டக் கற்றவர்கள் ஆக்கவும் கற்பது.

1991இல் இந்த ஜில்லாவின் மைதானங்கள் சைக்கிள் பள்ளிக்கூடங்களாக மாறினவே, அதுபோல ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் வாரத்துக்கு ஒருநாள் ஒரு பட்டறை திறக்கட்டும். துருப்பிடித்த சைக்கிள்கள் அங்கே வரட்டும். மாணவர்களும் மாணவியரும் முதல் மாதம் பிரேக்கை மட்டும் பழகட்டும். அடுத்த மாதம் சக்கரத்தின் கோட்டம் எடுக்கட்டும். மூன்றாம் மாதம் மோட்டாரைத் தொடட்டும். ஊர்ச் சைக்கிள் கடைக்காரரும் லேத்துப் பட்டறைக்காரரும் ஆசிரியர்களாக வரட்டும். அவர்களுடைய கையில் இருக்கும் வித்தை பாடப் புத்தகத்தில் இல்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையால் செய்த வண்டி ஓடிற்று என்றால், அதை நண்பர்கள் முன் வேகமாக ஓட்டிக் காட்டுவதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பிரேக்கில் உங்களுக்கே பூரண நம்பிக்கை வந்த பிறகு, தண்ணீருக்கும் சந்தைக்கும் நூறுநாள் வேலைக்கும் அன்றாடம் சைக்கிளில் போய்வருகிற உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ அதை ஒருமுறை கொடுங்கள். ஏறுவதற்குச் சீட்டு உயரமாயிருக்கிறதென்பார், சேலை சிக்குகிறதென்பார், குடத்தை எங்கே வைப்பதென்பார், பிரேக் பிடிக்கக் கை வலிக்கிறதென்பார். அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, பட்டறைக்குத் திரும்பிப் போய், அதைத் திருத்துங்கள்.